பெலிட்டி, ஃபிர்ப்போ, ஒரு சுமாரான இரவுச் சாப்பாடு

கொல்கத்தாவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் ஃபிர்ப்போஸ் மார்க்கெட் தெரிந்திருக்கும். சௌரங்கியில், கிராண்ட் ஹோட்டலை ஒட்டி, துணிக்கடைகளும் பெல்ட், பர்ஸ் விற்பவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் இடம். பூஜை சமயத்தில் உள்ளே போனால் வெளியே வருவதே பெரும்பாடு. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப்பேர் ஏதோ மார்வாடி நிறுவனத்தின் பெயர் என்பார்கள். மீதிப்பேருக்குக் கவலையே இல்லை.

ஃபிர்ப்போ ஓர் இத்தாலியர். ஆஞ்சலோ ஃபிர்ப்போ. 1917-ல் அந்த இடத்தில் ஓர் உணவகம் திறந்தார். மைதானத்தைப் பார்த்த மாதிரி மாடியில் பெரிய வராந்தா. வெள்ளைக்காரக் கல்கத்தாவில் ஃபிர்ப்போவில் சாப்பிட்டேன் என்று சொல்வதற்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. வைஸ்ராய் இர்வின் அங்கே வந்து சாப்பிட்டார், பொது உணவகத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் வைஸ்ராய் அவர்தான் என்று சொல்வார்கள். மாலையில் போவதானால் அதற்குரிய உடை வேண்டும், இல்லாவிட்டால் வாசலோடு சரி. அந்தக் கடையின் ரொட்டி ஊரெல்லாம் பிரபலம். வயதான பெங்காலிகள் இப்போதும் ஃபிர்ப்போ ரொட்டி என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் கும்பகோணம் டிகிரி காப்பி என்று சொல்லிவிட்டு நிறுத்துவார்களே, அந்த மாதிரி.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் நாங்கள் சாப்பிட்ட ஒரு இரவுச் சாப்பாடு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சரித்திரம். சரித்திரம் தெரிந்தால்தான் அந்தச் சாப்பாடு ஏன் அப்படி ஏமாற்றியது என்று புரியும்.

சிற்பி போட்ட கேக்

ஃபிர்ப்போவுக்கு அரை நூற்றாண்டு முன்பே கல்கத்தாவில் இன்னொரு இத்தாலியர் கொடிகட்டிப் பறந்தார். ஃபெடரிகோ பெலிட்டி. 1844-ல் வட இத்தாலியில் பியட்மான்ட் பகுதியில் கரிஞ்ஞானோ என்ற ஊரில் பிறந்தவர். டூரினில் சிற்பம் படித்தார். பிறகு கல்லை விட்டுவிட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டார்! வைஸ்ராயாக வந்த மேயோ பிரபுவுக்கு ஒரு மிட்டாய்ச் சமையல்காரர் தேவைப்பட, தேர்வில் ஜெயித்து 1869-ல் இந்தியா வந்தார்.

1872 பிப்ரவரி 8-ம் தேதி அந்தமானில் போர்ட் பிளேரில் மேயோ பிரபுவை ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி குத்திக் கொன்றார். முதலாளி போய்விட்டார். வேறொருவராக இருந்தால் கப்பலேறி ஊருக்குப் போயிருப்பார். பெலிட்டி இங்கேயே தொழிலில் இறங்கிவிட்டார். கல்கத்தாவில் கவர்ன்மெண்ட் பிளேஸ் ஈஸ்ட்டில், அதாவது கவர்னர் மாளிகைக்குப் பக்கத்தில், பெரிய கடை. வைஸ்ராய் கோடைக்குச் சிம்லா போவார், சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் போகும். பெலிட்டியும் போனார். சிம்லாவிலும் ஒரு பெலிட்டி. கிப்ளிங்கின் சிம்லாக் கதைகளில் அந்தக் கடை பெயரோடு வருகிறது.

மனிதர் போட்டோகிராபரும்கூட. அவர் எடுத்த இந்தியப் படங்கள் பிற்காலத்தில் இத்தாலியில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. சிற்பம் படித்தது வீணாகவில்லை, சர்க்கரையில் ஈபிள் கோபுரமே செய்து காட்டினார் என்று சொல்கிறார்கள். கடைசியில் சொந்த ஊருக்கே திரும்பி 1914-ல் காலமானார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெலிட்டி கிளம்பி வந்த 1869-ல் ரோம் நகரமே இத்தாலியோடு சேர்ந்திருக்கவில்லை. அது 1870-ல்தான் சேர்ந்தது. இத்தாலியச் சமையல் என்று நாம் இன்று நினைக்கும் ஒன்று அவர் தலையில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அவர் பியட்மான்ட்காரர். அந்தப் பக்கம் வெண்ணெய், அரிசி, சாக்லேட், வெர்மூத் மதுவுக்குப் பெயர்போனது. தக்காளிச் சாறும் பீட்சாவும் தெற்கே நேப்பிள்ஸ் பக்கத்துச் சமாச்சாரம். மதுரைக்காரரிடம் போய்ப் பாலக்காட்டு எரிசேரி கேட்கிற கதைதான்.

அதைவிட முக்கியம், அன்றைய பெரிய உணவகம் எதுவானாலும், முதலாளி இத்தாலியரோ ஸ்விஸ்காரரோ, மெனு பிரெஞ்சுப் பாணியில்தான் இருக்கும். வைஸ்ராய் விருந்தின் மெனு அட்டைகூடப் பிரெஞ்சில்தான் அச்சாகும். தெளிந்த சூப், மீன், ரோஸ்ட், புட்டிங் என்று வரிசையாக வரும். பெலிட்டியும் ஃபிர்ப்போவும் இத்தாலியர்கள் நடத்திய உணவகங்கள். இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில் அவற்றை இத்தாலியன் ரெஸ்டாரண்ட் என்று சொல்ல முடியாது.

நம்ம மெட்ராஸிலும் இதே கதை நடந்திருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்பவரின் ஹோட்டல் ஒரு காலத்தில் ஊரின் பெருமை. அந்த மனிதர் ஹோட்டல் நடத்தியதோடு நிற்காமல் 1910-ல் சொந்தமாக ஒரு விமானம் கட்டிப் பறந்தும் காட்டியவர். பின்னால் அந்த ஹோட்டல் பொசோட்டோ என்பவர் கைக்குப் போனது. இன்று அண்ணா சாலையில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

வாடிக்கையாளர் எங்கே போனார்?

ஃபிர்ப்போ ஏன் மூடப்பட்டது என்று கேட்டால் கல்கத்தாவில் உடனே பதில் வரும்: நக்ஸலைட், யூனியன், கேரோ. எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் படுகிறது. காமர்ஸ் படித்தவன், தொழில் முழுக்க பேலன்ஸ் ஷீட் பார்ப்பவன் என்பதால் என் மண்டை வேறு பக்கம் போகிறது. செலவு ஏறியதால் மூடினானா, வரவு நின்றதால் மூடினானா என்று பார்க்க வேண்டும்.

ஃபிர்ப்போவின் வரவு யாரிடமிருந்து வந்தது? சணல், தேயிலை, நிலக்கரி இந்த மூன்றையும் கையில் வைத்திருந்த மேனேஜிங் ஏஜென்சி நிறுவனங்களின் துரைகளிடமிருந்து. ஒரு ஏஜென்சி நிறுவனம் பத்து இருபது கம்பெனிகளை நிர்வாகம் செய்து கமிஷன் வாங்கும். ஆண்ட்ரூ யூல், பேர்ட் என்று பெரிய பெரிய பெயர்கள். அந்தத் துரைகளின் சாப்பாட்டு பில் கம்பெனிக் கணக்கில்தான் எழுதப்பட்டது.

தலைநகரம் டெல்லிக்குப் போகும் என்று 1911 டிசம்பரில் அறிவித்தார்கள். அது முதல் அடி. ஆனாலும் ஃபிர்ப்போ திறந்ததே அதற்கு ஆறு வருடம் கழித்துத்தான் என்பதைப் பாருங்கள். அரசாங்கம் போனாலும் பணம் இங்கேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்கள் ஊரை நிறைத்தார்கள். சௌரங்கிக்குப் பொற்காலம். 1947-க்குப் பிறகும் வெள்ளைக்கார துரைகள் உடனே கிளம்பிவிடவில்லை. அவர்கள் இடத்தில் மெல்ல மெல்ல இந்திய துரைகள் உட்கார்ந்தார்கள்.

1966 ஜூனில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. லண்டனுக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு இந்தியாவில் இருப்பதில் ருசி போயிற்று. 1967-லிருந்து கேரோ, வேலைநிறுத்தம். 1970 ஏப்ரலில் மேனேஜிங் ஏஜென்சி முறையே சட்டப்படி ஒழிந்தது. 1973-ல் அந்நியச் செலாவணிச் சட்டம் வந்து வெளிநாட்டுப் பங்குகளுக்கு வரம்பு கட்டியது. பம்பாய்க்கும் டெல்லிக்கும் தலைமை அலுவலகங்கள் நகர்ந்தன. இதோடு கேளிக்கை வரி, மின்வெட்டு. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் மேஜையில் உட்கார ஆள் இல்லாமல் போனது தெரியும். ஆள் இல்லாத மேஜைக்கு எந்தச் சமையல்காரர் சமைத்து என்ன பயன்?

கடைசிக் காலத்தில் ஃபிர்ப்போ நடன நிகழ்ச்சிகளை நம்பி ஓடியது. லிடோ ரூம் என்று ஒரு ஹால். மிஸ் ஷெஃபாலி என்று பெயர் வாங்கிய ஆரதி தாஸ் அங்கேதான் சிறு பெண்ணாக ஆட ஆரம்பித்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்த குடும்பம். சத்யஜித் ராய் தன்னுடைய ‘பிரதித்வந்தி’ (1970), ‘சீமாபத்தா’ (1971) இரண்டிலும் அவரைப் பயன்படுத்தினார். 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது பெங்காலிப் பத்திரிகைகளில் ஃபிர்ப்போவின் பெயர் மறுபடி அடிபட்டது. உணவகம் மூடி, கட்டடம் கடைகளாகி, 2002-ல் அந்த மார்க்கெட்டே ஒரு தீயில் மாட்டி மீண்டு, பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது.

இப்போது அந்தச் சாப்பாடு

இந்த ஊரில் பழைய இத்தாலியப் பெயர் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி மறுபடி ஓர் உணவகம் திறந்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம். இந்தப் பதிவில் வரும் எந்தப் பெயரும் அது இல்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டம்மாவும் கல்லூரி போகும் பெண்ணும் நானுமாகப் போனோம்.

உள்ளே சுவரெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். மெனுவின் முதல் பக்கத்தில் ஒரு பக்கச் சரித்திரம். 1920-களின் அதே சமையல் குறிப்புகள், அதே சுவை என்று அச்சடித்திருந்தார்கள். எனக்கு அங்கேயே ஆடிட்டர் புத்தி வந்துவிட்டது. புரட்டினேன்.

கார்பொனாரா பாஸ்தா. இது அச்சில் தலைகாட்டுவதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். சியாபட்டா ரொட்டி. இத்தாலியில் அட்ரியா என்ற ஊரில் 1982-ல் உருவாக்கப்பட்டது, அதாவது என் மனைவியைவிட அந்த ரொட்டிக்கு வயது குறைவு :-) திராமிசு. 1970-ஐ ஒட்டி த்ரெவிசோ நகரத்து உணவகம் ஒன்றிலிருந்து பரவியது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கிரீம் ஊற்றிய ஆல்ஃபிரெடோ. ரோமில் ஆல்ஃபிரெடோ என்பவர் செய்தது வெண்ணெயும் சீஸும் மட்டும் சேர்த்து, கிரீம் அமெரிக்காவில் சேர்ந்தது. ஆக 1920-களின் மெனு என்ற பக்கத்தில் 1920-களில் இருந்திருக்கக்கூடியது சூப்பும் ரோஸ்ட்டும்தான்.

சரி, சரித்திரம் கிடக்கட்டும், சாப்பாடு நன்றாக இருந்தால் மன்னித்துவிடலாம் என்று நினைத்தோம். சூப் ஆறிப்போய் வந்தது. பாஸ்தா குழைந்து, நம் வீட்டில் ஜுரத்துக்குக் கொடுக்கும் கஞ்சி பதத்தில் இருந்தது. தக்காளிச் சாறு இனித்தது. பெண் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. வீட்டம்மா சைவம், அவளுக்கென்று கேட்டு வாங்கிய தட்டில் வேகவைத்த காய்மேல் சீஸ் போர்த்தியிருந்தது, அவ்வளவுதான். பில் நாலாயிரத்துச் சொச்சம், சர்வீஸ் சார்ஜ் தனி.

பரிமாறிய பையன் மேதினிபூர் பக்கத்துக்காரன். மரியாதையான பிள்ளை. பழைய காலத்தில் இங்கே சமைத்தவர்கள் யார் தம்பி, அவர்கள் குடும்பத்தில் யாராவது இப்போது இருக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அதெல்லாம் எங்களுக்குச் சொல்லவில்லை தாதா என்றான். அவன்மேல் தப்பில்லை. மெனுவின் சரித்திரப் பக்கத்திலும் முதலாளி பெயர் இருந்தது, வந்துபோன பிரபலங்கள் பெயர் இருந்தது. அடுப்படியில் நின்ற ஒருவர் பெயர்கூட இல்லை.

நற்பெயர் என்றால் என்ன

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் நற்பெயர் என்று ஒரு பாடம் வரும், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வியாபாரத்தின் சொத்தையெல்லாம் கூட்டி, கடனைக் கழித்தால் வரும் தொகையைவிட அதிகம் கொடுத்து ஒருவன் அதை வாங்கினால், அந்த அதிகப்படிதான் நற்பெயர். இதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. நீங்களே ஐம்பது வருடம் உழைத்துச் சம்பாதித்த நற்பெயரை உங்கள் புத்தகத்தில் சொத்தாக எழுத முடியாது. இன்னொருவன் காசு கொடுத்து வாங்கினால்தான் அது கணக்கில் ஏறும். சம்பாதித்தவன் கணக்கில் பூஜ்யம், வாங்கினவன் கணக்கில் லட்சம்!

மாணவனாக இருந்தபோது இது அநியாயமாகத் தெரிந்தது. இப்போது அந்த விதிக்குப் பின்னால் ஒரு விவேகம் இருப்பதாகத் தோன்றுகிறது. நற்பெயர் தனியாக எங்கும் இல்லை. சமையல்காரர் கையிலும், முப்பது வருடம் அதே மேஜைக்குப் பரிமாறியவர் ஞாபகத்திலும், தினம் வரும் வாடிக்கையாளர் நாக்கிலும்தான் அது இருக்கிறது. அவர்கள் போனபின் பத்திரத்தில் எழுதி வாங்கும் பெயர் வெறும் எழுத்து.

கல்கத்தாவில் அந்தக் கைகள் யாருடையவை? வெள்ளைக்காரர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் பெயர் வாங்கியவர்கள் சிட்டகாங் பக்கத்து பருவா பௌத்தர்கள். மக் சமையல்காரர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். ரோஸ்ட், கட்லெட், புட்டிங் எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்திலேயே கற்றவர்கள். கோவாக்காரர்களும் இருந்தார்கள், அடுப்படியிலும் பாண்டு மேடையிலும். கடைக்குப் பெயர் இத்தாலியருடையது, கைப்பக்குவம் இவர்களுடையது. பெயரைத் திரும்ப வாங்கலாம், அந்தக் கைப்பக்குவத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அதற்காக மூடியது எதையும் திறக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. ஃபிர்ப்போவுக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1930-களில் கிராண்ட் ஹோட்டலில் டைபாய்டு பரவி விருந்தினர்கள் இறந்துபோக, 1937-ல் ஹோட்டலையே மூடினார்கள். அடுத்த வருடம் மோகன் சிங் ஓபராய் அதைக் குத்தகைக்கு எடுத்தார், பிறகு திறந்தார். கொஞ்ச நாளில் யுத்தம் வந்தது, சிப்பாய்கள் வந்தார்கள், 1943-ல் ஹோட்டலையே வாங்கிவிட்டார். அவர் குத்தகைக்கு எடுத்தபோது ஹோட்டல் மூடி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தொழில் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். வாடிக்கையாளரும் தேடி வந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்துத் திறந்தால் இந்த இரண்டும் இருக்காது.

பார்க் ஸ்ட்ரீட்டில் 1927-ல் தொடங்கிய ஃப்ளூரிஸும் பிறகு வந்த டிரிங்காஸும் கைமாறினாலும் தொடர்ந்து நடந்து வந்ததால்தான் இன்றும் நிற்கின்றன. டிரிங்காஸில் 1969-ல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு ஆங்கிலப் பாட்டு பாடி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த உஷா ஐயர் (இன்றைய உஷா உதூப்) நம்ம வீட்டுப் பெண்தான். அதற்கு முன் அவர் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் பாடியவர்.

நமக்கும் இதில் பங்கு உண்டு

சௌரங்கிக் கதையில் நமக்கென்ன என்று கேட்கலாம். லேக் மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டிலிருந்து டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணிய கையோடு ரயிலேறி வந்தவர்கள் குடியேறிய பேட்டை அது. அவர்கள் வேலை பார்த்தது எங்கே? அதே ஏஜென்சி நிறுவனங்களில்தான். துரை ஃபிர்ப்போவில் சாப்பிட்டார், பில்லுக்கு வவுச்சர் போட்டவர் நம்மவராக இருந்திருப்பார். அவர் டிபன் பாக்ஸில் தயிர் சாதத்தோடு ஆபீஸ் வந்திருப்பார்.

அந்தத் தலைமுறையை நம்பித்தான் லேக் மார்க்கெட்டில் நம் மெஸ்களும் காப்பி ஹோட்டல்களும் வந்தன. அவற்றின் சமையல்காரர்கள் யார், எந்த ஊர், சாம்பார்ப்பொடி அளவு என்ன என்று யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? நாளைக்கு யாரோ ஒருவர் அதில் ஒரு பெயரை வாங்கி, சுவரில் பழைய படம் மாட்டி, பாரம்பரிய மெட்ராஸ் மெஸ் என்று நாலாயிரம் ரூபாய்க்கு இனிக்கும் சாம்பார் ஊற்றுவார். அதைத் தப்பு என்று சொல்ல அன்றைக்கு ஆள் இருக்க வேண்டுமே!

இதைப் படிப்பவர்களில் அப்பாவோ தாத்தாவோ 1950, 60-களில் கல்கத்தாவில் இருந்தவர் என்றால் ஒரு வேண்டுகோள். பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு மெனு அட்டை, ஒரு சாப்பாட்டு பில், மெஸ் கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியவர் இருந்தால் அவர் சாப்பிட்ட மெஸ்ஸில் சமைத்தவர் பெயர் என்ன என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது கேட்டு வையுங்கள். முதலாளி பெயரைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் விடாமல் கேட்டால் சமையல்காரர் பெயரும் வரும்.